பூதக்கண்ணாடி ராத்தா மொனிட்டர் வாங்கிய கதை

கல்முனை பிரதான வீதியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பயமில்லை என்பார்கள். மின்வெட்டுக்குப் பயமில்லை என்பார்கள். ஆனால் கறுப்பு அபாயாவும் கையில் ஒரு வெள்ளைத் தாளுமாக ஒரு பெண் கடைப்படி ஏறினால் மேசைக்குக் கீழே ஒளிய இடம் தேடுவார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாத ஒரே மனிதப் பிறவி இந்தக் கரையோரத்தில் அவர்தான்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னாலும் யாருக்கும் தெரியாது. பூதக்கண்ணாடி ராத்தா என்றால் நிந்தவூர் வரைக்கும் தெரியும். எங்கள் பக்கம் அக்காவைத்தான் ராத்தா என்போம்.

நாங்கள் இருவரும் ஒரே அச்சகத்தில் வேலை செய்த பெண்கள். நான் எழுத்து அடிப்பேன். அவர் அதை வாங்கி வடிவமைப்பார். கல்யாணக் காட், பாடசாலை மலர், கடைப் பலகை, ஐஸ்கிரீம் பெட்டி என்று ஊரில் அச்சாகும் எதுவும் அவருடைய கண்ணைக் கடந்துதான் போகும். அந்தக் கண்ணும் வெறுங்கண் அல்ல. தாளில் விழுந்த மைப்புள்ளிகளைச் சோதிக்க அச்சு வேலைக்காரர் வைத்திருக்கும் கட்டைவிரல் அளவு பூதக்கண்ணாடி ஒன்று அவருடைய கைப்பையில் எப்போதும் இருக்கும். மற்றப் பெண்கள் கைப்பையிலிருந்து கைலேஞ்சி எடுக்கும் வேகத்தில் அவர் அதை எடுப்பார். பிஸ்கட் பக்கற்றில் வைப்பார். பஸ் டிக்கட்டில் வைப்பார். தேர்தல் சுவரொட்டியில் வேட்பாளரின் கன்னத்தில் வைத்து, "மஞ்ச மை விலகி நிக்கிது" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

ஒருமுறை நிந்தவூரில் ஒரு கல்யாண வீடு. பெண்கள் பக்கத்தில், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி இருந்து நாங்கள் கோழிக் காலுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தோம். ராத்தா அழைப்பிதழைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார்: "புள்ள, இது பொன் இல்லகா. வெறும் கடுகு நிறம்."

'இது பொன் இல்ல' என்ற பாதி மட்டும் அடுத்த சஹனுக்குப் போனது. அங்கிருந்து மாப்பிள்ளையின் உம்மாவிடம் போனது. ஐந்து நிமிடத்தில் மணப்பெண்ணின் கழுத்து மாலையைத் தட்டாரிடம் காட்ட வேண்டும் என்ற அளவுக்கு வீடு இரண்டாகிவிட்டது. ராத்தாவை நடுவில் நிறுத்தி விளக்கம் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அழைப்பிதழைத் தூக்கிப் பிடித்து, "நகை நல்ல நகைதான். காட்தான் பித்தளை. ஆரு அடிச்ச?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

அவருடைய சொந்தக் கல்யாணமும் அப்படித்தான் நடந்ததாம். மாப்பிள்ளையின் படத்தை வாப்பா கொண்டுவந்து கொடுத்தபோது கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "முகம் நல்லம். ஆனா ஸ்டூடியோக்காரன் வெளுக்க வச்சிரிக்கான். உள்ள நிறத்துல ஒண்டு அனுப்பச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதரும் ரோசப்படாமல் வயலில் நின்று வெயிலில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினாராம். இன்றுவரை இருவரும் சந்தோசமாக இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் அச்சகத்தில் கொடுக்கப்பட்டிருந்த மொனிட்டரைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அது ஹாஜியாரின் பழைய கடையில் பத்து வருடம் உழைத்துக் களைத்து எங்களிடம் ஓய்வெடுக்க வந்தது. ஹாஜியார் என்பது எங்கள் முதலாளி. நல்ல மனிதர். ஒரு பொருள் எரிந்து புகை வந்தால் ஒழிய அது பழுதானதாக ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தத் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் பால் விடாத பிளேன்டீ ஊற்றின மாதிரி இருக்கும். ராத்தா அதற்கு ஏற்ப மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, திரையில் தெரிவது இது, தாளில் விழப்போவது அது என்று ஊகித்தே வேலை செய்துவந்தார்.

ஒருநாள் ஊகம் தப்பியது. மயில் நீலத்தில் கேட்ட கல்யாணக் காட் வாடின வெண்டிக்காய் நிறத்தில் வந்து விழுந்தது. பெண்ணின் உம்மா சேலைத் துண்டை ஆதாரமாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கத்திவிட்டுப் போனபிறகு ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்:

"மகள், பழுது மொனிட்டர்ல இல்ல. ஒங்கட கண்ணுல. ஒருக்கா டொக்டர்கிட்டக் காட்டுங்க."

அடுத்த நாள் காலை ராத்தா கண் டொக்டரிடம் போனார். பத்தரைக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தார். அதை மொனிட்டரின் நெற்றியில் செலோடேப் போட்டு ஒட்டினார். கண் இரண்டிலும் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தது.

"என்ட கண்ணுக்கு டொக்டர் ஒப்பம் வச்சிரிக்காரு ஹாஜியார். ஒங்கட மொனிட்டருக்கு ஆரு வச்சிரிக்கி?"

ஹாஜியார் அந்தத் துண்டை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். பிறகு லுஹர்த் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பாங்கு சொல்ல இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

விசயம் அத்தோடு அடங்கியிருக்கும். அப்போதுதான் மத்ரசாவிலிருந்து சிறுவர் ஓதும் பிரார்த்தனைகள் அடங்கிய துஆப் புத்தகம் அச்சுக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்கம் அரபு, இடப்பக்கம் தமிழில் பொருள், கீழே சின்ன எழுத்தில் ஓதும் முறை. அரபில் ஒரு புள்ளி மாறினால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகும். எங்கள் மொனிட்டரில் முழுப் பக்கத்தையும் வைத்தால் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எறும்புக் கூட்டமாகிவிடும். ராத்தா இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் இதுக்கு ஒப்பம் வைக்க மாட்டன்."

எங்கள் அச்சகத்தில் ராத்தாவின் ஒப்பம் விழாமல் எதுவும் மெசினுக்குப் போகாது. ஹாஜியார் எழுந்து வந்தார்.

"பெரிசாக்கிப் பாருங்க மகள்."

"பெரிசாக்கினா எழுத்து தெரியிது, பக்கம் தெரியல்ல. சின்னதாக்கினா பக்கம் தெரியிது, எழுத்து தெரியல்ல. ரெண்டையும் ஒண்டாக் காட்டுற திரை வேணும்."

"இவ்வளவு நாளும் வச்சீங்கதானே ஒப்பம்?"

"கல்யாணக் காட்டுல புள்ளி போனா ரெண்டு சம்மந்தி சண்ட பிடிப்பாங்க. இதுல போனா புள்ளையள் பிழையா ஓதும். நாளைக்கு அல்லாஹ் கேட்டா நான் என்ன சொல்ற? மொனிட்டர் பழசு எண்டா?"

கடதாசியில் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் பிரின்டர் ஒரு வள்ளல். புள்ளி இல்லாத இடத்திலும் தாராளமாகப் புள்ளி வைக்கும். மத்ரசா மௌலவி திருத்திக் கொடுத்த பிரதியே அதில் எடுத்ததுதான். மட்டக்களப்பில் வேறு அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஹாஜியார் சொல்லிப் பார்த்தார். "குடுங்க. அங்க ஒப்பம் வைக்கிற ஆளையும் தேடிக் குடுங்க" என்றார் ராத்தா. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகம் அதற்குமுன் பிள்ளைகளின் கைக்குப் போகவேண்டும். அச்சு மெசின்காரர் வேலையில்லாமல் வெளியே இருந்து பத்திரிகை வாசித்தார். நான் எழுத்து அடிப்பதுபோல் நடித்தேன்.

நாலாம் நாள் ஹாஜியார் ஒரு தீர்வோடு வந்தார். அது ஓட்டோவுக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்தது. அவர் வீட்டு டீவி.

"பெரிய திரைதானே வேணும்? இதவிடப் பெரிசு கல்முனையில இல்ல. பிடிங்க."

அதைச் சுவரோடு சாத்தி வைத்தோம். ராத்தா மறுக்கவில்லை. நேர்மையாகவே வேலையை ஆரம்பித்தார். அரபைப் பார்க்க வலப்பக்கம் தலையைத் திருப்பினார். தமிழைப் பார்க்க இடப்பக்கம் திருப்பினார். திரும்ப வலம். திரும்ப இடம். அரை மணித்தியாலம் போனது.

"ஹாஜியார், தொழுது முடிக்கிற மாதிரி ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு பக்கமும் ஸலாம் குடுக்க வேண்டியிரிக்கி. தொழுகையே முடிஞ்சி போச்சு, வரி முடியிதில்ல."

"பெரிசாத் தெரியிதா இல்லையா?"

ராத்தா திருப்பிக் கேட்டார். "ஒங்கட இறக்காமத்து வயலுக்கு ஏக்கருக்கு எத்தின புசல் நெல் விதைப்பீங்க?"

"ரெண்டு. சிலநேரம் ரெண்டரை."

"அதே ரெண்டு புசல அஞ்சு ஏக்கர்ல வீசினா?"

"என்ன விசர்க் கதை இது? பயிரா தெரியும்? வெறும் தரைதான் தெரியும்."

"இந்த டீவி அஞ்சு ஏக்கர். பழைய மொனிட்டர்ல இருந்த ஒளிப்புள்ளி எத்தினயோ, இதுலயும் அதேதான். காணிதான் பெரிசு. எனக்குக் காணி வேணா ஹாஜியார். நெருக்கமா விதைச்ச பயிர் வேணும்."

ஹாஜியார் டீவியைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுப்போல் உடைந்து நின்றதை விரலால் தடவினார். வயல்காரர் ஒருவருக்கு வயல் பாசையில் சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. டீவி அதே ஓட்டோவில் வீடு திரும்பியது.

"போய் வேற ஒண்டு எடுங்க மகள். ஆனா கொழும்புக்குப் போக ஏலா. இஞ்ச கல்முனைக்குள்ளயே எடுங்க."

அடுத்த நாள் காலை ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஆயுதங்கள் மூன்று: ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்டிரைவில் துஆப் புத்தகத்தின் பக்கம், கண்ணாடி.

முதல் கடைக்காரர் திரையைப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். ராத்தா வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது வெள்ளையா?"

"ஓம் ராத்தா. பால் வெள்ளை."

"தாளப் பாருங்க. மறுகா திரையப் பாருங்க."

கடைக்காரர் பார்த்தார். "நீலம்... கொஞ்சம் அடிக்கிது" என்றார் சாகிற குரலில்.

இரண்டாம் கடையில் வளைந்த திரை ஒன்றைக் காட்டினார்கள். "நான் நேர்கோடு போடுற ஆள் தம்பி. கோடு நேரா, திரை நேரா எண்டு தினமும் யோசிக்க ஏலா" என்றார். அவர்கள் விடவில்லை. கேம் விளையாடுகிறவர்கள் அடிபட்டு வாங்குகிறார்கள், படம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கலங்காது என்றார்கள். "என்ட எழுத்து ஓடாது. வச்ச இடத்துல நிக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மூன்றாம் கடையில் பளபளவென்று ஒன்று. "இதுல என்ட முகம் தெரியிது. அத நான் வீட்டுல பாத்துக்குவன்." அதே கடையில் பெட்டி முழுக்க 'ஃபோர் கே' என்று எழுதிய இன்னொன்று. கண்ணாடியைத் திரையில் வைத்து எண்ணுகிறவர்போல் நின்றார். பிறகு பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த சின்ன எழுத்தை என்னை வாசிக்கச் சொன்னார். ஃபோர் கே படத்தை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும் என்றுதான் எழுதியிருந்தது. காட்டும் என்று எழுதவில்லை. ராத்தா கடைக்காரரைப் பார்த்தார்.

"விளங்குதா தம்பி? கல்யாண வீட்டு வாசல்ல எல்லாரையும் வாங்க வாங்க எண்டு கூப்புட்டுட்டு, உள்ளுக்கு நாலு பேர்ல ஒருத்தரத்தான் விடுறாங்க."

அந்தக் கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "பொம்பள ஒருத்தருக்கு இவ்வளவு பெரிய மொனிட்டர் என்னத்துக்கு ராத்தா?"

"சின்னப் பிழையப் பிடிக்கிறதுக்கு" என்றார் ராத்தா. கடைக்காரரின் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைசிக் கடை. அங்கே விற்பனைக்கு வைத்திருந்த எதுவும் தேறவில்லை. திரும்பப் போனவர் வாசலில் நின்றுவிட்டார். காசாளர் மேசைக்கு மேலே ஒரு திரை இருந்தது. கடையின் நாலு பாதுகாப்புக் கமராவும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் நாங்கள் இருவரும் வாசலில் நிற்பது தெரிந்தது. ஆனால் ராத்தா எங்களைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே ஓடிய திகதி, நேர எழுத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியை வைத்தார். இறங்கி வலப்பக்கம் போய்ப் பார்த்தார். இடப்பக்கம் போய்ப் பார்த்தார். குந்தியிருந்து கீழிருந்து பார்த்தார். கடைக்கு வந்த ஒருவர் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து வழிவிட்டார்.

"எந்தப் பக்கத்தால பாத்தாலும் நிறம் மாறுதில்ல" என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார். "இதத் தாங்க."

"அது விக்கிறதுக்கில்ல ராத்தா. கமராவுக்கு வச்சிரிக்கி. ஆரோ வேணுமெண்டு ஓடர் பண்ணிட்டு வரல்ல."

"ஒங்கட வாசலப் பாக்க எட்டு மில்லியன் புள்ளி என்னத்துக்கு? கள்ளன்ட கண் இமைய எண்ணப் போறீங்களா?"

"விக்க மாட்டன் ராத்தா."

"சரி. நான் இரிக்கன்."

இருந்தார். பிளாஸ்டிக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் மாமியாரைப்போல. அப்போது நேரம் பதினொரு மணி. ஒலுவில் கெம்பசில் படிக்கும் பெண்ணொருத்தி படிப்புக்கு மொனிட்டர் கேட்டு வந்தாள். கடைக்காரர் விலை கூடியதைக் காட்ட, ராத்தா தலையை நீட்டினார். "மகள், படிக்கவும் எழுதவும் ஒங்களுக்கு இருபத்திநாலு இஞ்சி சாதாரணம் காணும். மிச்சத்துக்கு நல்ல கதிர ஒண்டு வாங்குங்க. முதுகு முக்கியம்." காரைதீவிலிருந்து படப்பிடிப்பாளர் ஒருவர் வந்தார். அவரிடம் வெள்ளைத் தாள் சோதனையைச் செய்து காட்டினார். அந்த மனிதர் தாளை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டு, மொனிட்டர் வாங்காமலே போனார்.

லுஹருக்குப் பாங்கு சொன்னது. கடைக்குப் பின்னால்தான் கடைக்காரரின் வீடு. ராத்தா அங்கே போய்த் தொழுதார். தொழுதுவிட்டு கடைக்காரரின் மனைவியோடு சோறு சாப்பிட்டார். எனக்கும் மீன் ஆணம் ஊற்றிய சோறு கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப வந்து அதே கதிரையில் இருந்தார். மாலை அஸர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மனைவியே கடைக்குள் வந்தார்.

"புள்ளையள்ட துஆக் கிதாபுக்காமே! குடுத்துத் தொலைங்களன். கமராவுக்கு என்ட பழைய டீவியப் போடுங்க."

கடைக்காரர் மேசையில் ஏறி ஆணியைக் கழற்றினார்.

வெற்றி என்று நினைத்துக்கொண்டுதான் வந்தோம். அச்சகத்தில் அதைக் கொம்பியூட்டரோடு பூட்டினால் எழுத்தெல்லாம் கடுகு கடுகாகத் தெரிந்தது. மவுஸ் சேற்றில் மாட்டின உழவு மெசின்போல் இழுபட்டது. ஹாஜியார் எங்களுக்குப் பின்னால் நின்று, "இதுக்கா இவ்வளவும்?" என்று கேட்டார். மெசின்காரரும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ராத்தா அசையவில்லை. எழுத்தின் அளவை ஒன்றரை மடங்கு கூட்டினார். கடுகு எழுத்து வாசிக்கும் எழுத்தானது. மவுஸ் மட்டும் திருந்தவில்லை. வயரைப் பிடுங்கிப் பார்த்தார். பழைய மொனிட்டரின் வயர்.

"இவ்வளவு தண்ணிக்கு இந்த வாய்க்கால் காணாது" என்றார்.

மறுநாள் காலை நாங்கள் பஸ் நிலையப் பக்கம் போனபோது கடைக்காரர் கமராவுக்குப் போட்ட பழைய டீவியில் எங்களைக் கண்டுவிட்டார் போலும். படியேறும் முன்பே வாசலுக்கு ஓடிவந்தார். கையில், திரையோடு கொடுக்க மறந்த வயர். "ராத்தா, இதுதானே? கொண்டு போங்க. உள்ளுக்கு வரத் தேவல்ல."

அந்த வயரைப் போட்டதும் துஆப் புத்தகத்தின் முதல் பக்கம் முழுசாக வந்து நின்றது. மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரு பார்வையில். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, கழுவி வைத்த மாதிரி. தாள் நிறம் தாள் நிறமாகவே இருந்தது. ஹாஜியார் திரைக்குக் கிட்ட வந்தார். "இது நம்மட மெசின்ல அடிக்கிற பக்கமா மகள்?" என்று கேட்டார். பிறகு டீ சொல்லிவிட வெளியே போனார்.

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். ராத்தா சிரிக்கவில்லை. அவருடைய விரல் முதல் வரியில் நின்றது. ஓதத் தொடங்கும்போது விரட்டப்பட்ட ஷைத்தானை விட்டும் பாதுகாப்புத் தேடுகிறோமே, அந்த வரி. 'ரஜீம்' என்ற சொல்லில் ஜீம் என்ற எழுத்துக்குரிய புள்ளி இல்லை. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் அது 'ரஹீம்'. விரட்டப்பட்டவன், அன்புடையவன் ஆகிவிடுவான். ஆயிரம் பிள்ளைகளின் கைக்குப் போகவிருந்த புத்தகத்தின் முதல் வரி. பிரின்டரின் புள்ளி மழையில் மௌலவியின் கண்ணுக்கும் அது தப்பியிருக்கிறது.

அந்த வரியை அடித்தது நான்.

ஹாஜியார் டீயோடு உள்ளே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மகள், பிழை ஏதுமா?"

கல்யாண வீட்டை இரண்டாக்கியவர், கடைக்காரர்களைக் கதற வைத்தவர், ஒருநாளும் ஒரு பிழையைத் தொண்டைக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், விடுபட்ட புள்ளியை இட்டு, மவுஸை ஒருதரம் அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தூசி ஒண்டு ஹாஜியார். தொடச்சிட்டன்."

ஹாஜியார் போனதும் நான் கேட்டேன். "ஏன் ராத்தா சொல்லல்ல?"

"நான் பிழையப் பிடிக்கிற ஆள்கா. ஆளப் பிடிக்கிற ஆளில்ல. டீயக் குடி, ஆறுது." முதல் பக்கத் தாளைத் திருப்பி ஒப்பத்தை வைத்தார்.

நான் டீயைக் குடித்தேன். கண்ணால் தண்ணி வந்தது. அவர் அடுத்த பக்கத்தைத் திறந்து அதிலேயே குறியாக இருந்தார், அல்லது இருப்பதுபோல் காட்டிக்கொண்டார். நான் அந்த அச்சகத்தில் இன்னும் நாலு வருடம் வேலை செய்தேன். என்னிடமிருந்து எந்தப் பிழையையும் தப்பவிடாத ஒருவருக்கு ஒரு முழத் தூரத்தில், அதே மேசையில். ஒருநாள்கூட இடம் மாற்றிக் கேட்கவில்லை.